கராஜுக்குள்ளே ஒரு புல் கம்பெனி!

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிடுங்கள். என்னதான் கம்பெனி என்றாலும் இது என் அக்கா வீடு. சமையலறையைத் தாண்டி, வாஷிங் மெஷினைத் தாண்டி, அந்தக் குட்டிக் கதவைத் தள்ளினால் கராஜ். இருங்கள், லைட்டைப் போடுகிறேன்... பார்த்தீர்களா! இதுதான் ஹெட் ஆபீஸ்!

இடம்: டெக்ஸஸ் மாநிலம், டாலஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ பக்கம். தொழில்: வீட்டு வாசல் புல்லை வெட்டி ஒழுங்குபடுத்துவது. முதலாளி, மேனேஜர், கூலியாள் எல்லாமே என் அக்கா மகன். வயது 17. மூலதனம்: வீடு மாறிப் போனவர்கள் கைமாற்றிவிட்ட 21 அங்குல மோவர் ஒன்று, ட்ரிம்மர் ஒன்று, இலை தழைகளை ஊதித் தள்ளும் ப்ளோவர் ஒன்று. வாகனம்: அக்காவின் சியன்னா வேன். பின்சீட்டை மடக்கி, பழைய போர்வையை விரித்து, மோவரை மாப்பிள்ளை அழைப்பு மாதிரி பதமாக ஏற்றுகிறான். "பெட்ரோல் நாத்தத்தோட நான் எப்படிடா கோயிலுக்குப் போறது?" என்று அக்கா கத்துவதுதான் கம்பெனியின் தீம் மியூசிக்.

வாடிக்கையாளர்கள்: பூஜ்யம்!

நான் மதுரையிலிருந்து போய் இறங்கியது பிப்ரவரி கடைசி வாரம். இரண்டு மாதம் சும்மாவா உட்காருவது என்று மோவரின் கைப்பிடியைத் தொட்டேனோ இல்லையோ, அத்தான் பாய்ந்து வந்தார்.

"மாப்ள, கையை எடுப்பா! உன்னோடது டூரிஸ்ட் விசா. இங்க வேலை செய்யக் கூடாது."

"அப்ப நீங்க?"

"நான் எச்-1பி. என் கம்பெனியைத் தவிர வேற எங்கேயும் அஞ்சு பைசா சம்பாதிக்கக் கூடாது."

ஆக, இரண்டு பெரிய மனுஷர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இங்கேயே பிறந்த பொடியன் ஒருவன்தான் சட்டப்படி புல் வெட்டலாம். எனக்கு வேடிக்கை பார்க்க மட்டும்தான் விசா. பத்திரிகைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்!

சுவரில் ஒரு மர்ம வரைபடம்

கராஜ் சுவரைப் பாருங்கள். வானத்திலிருந்து எடுத்த ஊர்ப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருக்கிறான். அதன்மேல் கலர் கலராகப் பொட்டு. போலீஸ்காரர்கள் தொடர் கொலைகாரனைத் தேடும் சினிமா மாதிரியே இருக்கிறது.

மஞ்சள் பொட்டு, சமீபத்தில் கைமாறிய வீடு. "புதுசா வந்தவங்ககிட்ட சோஃபா இருக்கும், ஃப்ரிட்ஜ் இருக்கும். மோவர் இருக்காது மாமா!" சிவப்புப் பொட்டு, 'நோ சொலிசிட்டிங்' பலகை மாட்டிய வீடு, அங்கே மணி அடிக்கவே கூடாது. ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில் பென்சிலில் ஓர் எண். மனையின் பரப்பாம். டெக்ஸஸில் ஒவ்வொரு கவுன்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலகமும் இந்த விவரத்தை இணையத்தில் யாரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறது. கட்டிடத்தையும் டிரைவ்வேயையும் கழித்தால் புல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கதவு திறப்பதற்கு முன்பே விலை தயார்!

நான் படத்தில் ஒரு வீட்டைத் தொட்டுக் காட்டினேன். நேற்று வாக்கிங் போனபோது பார்த்தேன், முழங்கால் உயரத்துக்குக் காட்டுப்புல். "டேய், இதைவிட நல்ல கிராக்கி கிடைக்குமா?"

உதட்டைப் பிதுக்கினான். "டாலஸ்ல எல்லாம் 12 இன்ச் தாண்டினாலே சிட்டி நோட்டீஸ் விடும் மாமா. அதுவரைக்கும் கண்டுக்காம இருக்கறவங்க ஒண்ணு ஊர்ல இல்ல, இல்லேன்னா புல்லுக்குக் காசு குடுக்கற ஆள் இல்ல. நமக்கு வேண்டியது ஏற்கெனவே புல்லைப் பத்திக் கவலைப்படற ஆளு."

பதினேழு வயதில் நான் டைப்ரைட்டிங் ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சொதப்பல்கள், வரிசையாக!

ஆனால் அந்த அழகான வரைபடத்திலிருந்து ஒரு டாலர்கூட வரவில்லை என்பதுதான் உள்ளே இருந்து பார்த்தவனுக்குத் தெரிந்த உண்மை. முதல் மூன்று வாரச் சொதப்பல்களை வெளியில் சொல்லிவிடாதீர்கள்.

சொதப்பல் ஒன்று, வாட்ஸ்ஆப். ஊர்த் தமிழர் குழுவில் அக்கா அறிவிப்புப் போட்டாள். அடேயப்பா! கைதட்டல் என்ன, இதயம் என்ன, 'சூப்பர்டா கண்ணா' என்ன! மூன்று பேர் விலை கேட்டார்கள். ஒருவர் கிழக்கே கடைக்கோடி, ஒருவர் மேற்கே கடைக்கோடி, மூன்றாமவர் "நம்ம வீட்டுப் பிள்ளைதானே, பார்த்துப் போட்டுச் சொல்லு" கட்சி.

சொதப்பல் இரண்டு, கிட்டத்தட்டக் குற்றம். நோட்டீஸ் அச்சடித்து ஒவ்வொரு வீட்டு வாசல் தபால் பெட்டியிலும் போட்டுவிடுவதாகத் திட்டம். நம் ஊரில் டியூஷன் நோட்டீஸ் பேப்பருக்குள் மடித்து வராதா, அது போல என்று நானும் தலையாட்டினேன். அத்தான் பதறிவிட்டார். அமெரிக்காவில் அந்தப் பெட்டி நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான், உங்கள் மண்ணில்தான் நிற்கிறது. ஆனால் அதற்குள் தபால்தலை ஒட்டாத காகிதத்தைப் போட யாருக்கும் உரிமை இல்லை. 1934-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம்! ஊர்ச் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்காடியும், 1981-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதற்குப் பதில் தபால் துறையே ஒரு வழி வைத்திருக்கிறது. விலாசம் எழுதாமல், ஒரு தபால்காரர் நடக்கும் தடத்தில் இருக்கும் எல்லா வீட்டுக்கும் கட்டுக்கட்டாக அனுப்பும் சேவை, 2011-இல் தொடங்கியது. அதற்குப் பணம் வேண்டுமே! கதவுக் குமிழில் மாட்டும் அட்டைதான் கட்டுப்படியானது. நூறு மாட்டினான். இரண்டு போன். ஒன்று ராங் நம்பர்.

சொதப்பல் மூன்று, அந்த இன்னொரு போன். போனான். பதினெட்டு மைல்! வண்டியில் ஏற்றி, ஓட்டி, இறக்கி, வெட்டி, மறுபடி ஏற்றி வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை முடிந்திருந்தது. அத்தான் எக்செல்லைத் திறந்து பெட்ரோலைக் கழித்தார். சோகமான மௌனம்.

"அப்பா, டாக்ஸ்?"

"கவலைப்படாதே. தனி ஆளாப் புல் வெட்டறவங்க நாலு காலாண்டு வரவு 5,000 டாலரைத் தாண்டற வரைக்கும் டெக்ஸஸ்ல சேல்ஸ் டாக்ஸ் வசூலிக்க வேண்டியதில்ல. நீ போற வேகத்துக்கு, தாண்டறப்ப உனக்குக் கல்யாணமே ஆகியிருக்கும்."

டிங் டாங்!

இப்போது ஒத்திகை அறைக்குப் போகலாம். அதாவது வரவேற்பறை. நகராட்சியில் விசாரித்து, வீடு வீடாகப் போவதற்கான பெர்மிட் வாங்கியாகிவிட்டது. இந்தப் பெர்மிட் சமாச்சாரத்துக்கே ஒரு பூர்வகதை உண்டு. வயோமிங் மாநிலத்தில் கிரீன் ரிவர் என்றொரு ரயில்வே ஊர். ராத்திரி ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற தொழிலாளிகளைக் கதவு தட்டும் விற்பனையாளர்கள் எழுப்பிக்கொண்டே இருக்க, 1931-இல் ஊர்க்காரர்கள் அதற்குத் தடை போட்டார்கள். வீடு வீடாகப் பிரஷ் விற்ற ஃபுல்லர் கம்பெனி வழக்குப் போட்டது, 1933-இல் தோற்றது. இன்றைக்கும் அந்த வகைச் சட்டங்களுக்குக் கிரீன் ரிவர் சட்டம் என்றே பெயர். தூக்கம் கெட்டவர்களின் கோபம் லேசுப்பட்டதா!

அக்காதான் வாடிக்கையாளர். கதவுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள். பையன் வாயாலேயே மணி அடிக்கிறான்.

"டிங் டாங்! ஹலோ மேம், நாங்க ரொம்பத் தரமான லான் கேர் சர்வீஸ்..."

"வேண்டாம்." படார்!

"டிங் டாங்! மேம், உங்க புல் ரொம்ப மோசமா..."

"என் புல்லைக் குத்தம் சொல்ல நீ யாருடா?" படார்!

"டிங் டாங்! முதல் தடவை ஃப்ரீ..."

"ஓசியா? அப்ப ஏதோ வில்லங்கம் இருக்கு." படார்!

வாழ்நாளெல்லாம் சேல்ஸ்மேன்களை விரட்டிய அனுபவம் அக்காவுக்கு. இந்தப் பயிற்சியை எந்த எம்.பி.ஏ.வும் தர முடியாது. ஒரு மணி நேரம் கழித்து, வியர்த்து விறுவிறுத்து, கடைசியாக இப்படிச் சொன்னான்: "சாரி மேம், எதிர்வீட்டுல வேலை செஞ்சிட்டு இருக்கேன். சத்தம் கேட்கும், மன்னிச்சுக்கோங்க. மெஷின் இங்கேயே இருக்கறதால, உங்களுக்கும் செய்யணும்னா சொல்லுங்க."

கதவு படார் என்று சாத்தவில்லை. அக்கா கொஞ்சம் யோசித்துக் கேட்டாள்: "எவ்வளவு நேரமாகும்?"

கேள்வி கேட்டுவிட்டாள்! நாங்கள் மூன்று பேரும் குதித்தோம். மன்னிப்புக் கேட்க வந்தவன் முகத்தில் கதவை அடிக்க யாருக்கும் மனம் வராது. அதைவிட முக்கியம், அவன் அந்தத் தெருவில் நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்தான். எதிர்வீடு என்று சொல்ல முதலில் ஓர் எதிர்வீடு வேண்டுமே?

அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். "அதோ இருக்கே!"

எங்கள் எதிர்வீட்டுத் தாத்தா. ஓய்வு பெற்றவர், ஒரு வயதான நாய், ஒரு மக்கர் பண்ணும் முழங்கால். தீபாவளிக்கு அக்கா கொடுக்கும் முறுக்குக்கு வருஷம் முழுக்க நன்றி சொல்பவர். பெரிய வரைபடத்தில் அந்த வீட்டுக்குப் பொட்டே இல்லை. ஊரெல்லாம் தேடியவன், இருபது அடி தூரத்தைப் பார்க்கவில்லை!

புல்லுக்கும் உண்டு மொட்டை

அப்போது மார்ச் நடுவாந்திரம். டாலஸ் பக்கத்து லான் எல்லாம் குளிரில் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடந்தன. வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்டேன். பையன் கண்ணடித்தான். "மாமா, இப்பதான் மொட்டை சீசன்!"

நிஜமாகவே மொட்டைதான். ஆங்கிலத்தில் ஸ்கால்ப்பிங் என்கிறார்கள். பெர்முடா என்ற புல்லுக்கு, வசந்தம் தொடங்கும் முன், மோவரை அடிமட்டத்துக்கு இறக்கிக் காய்ந்த மேல்புல்லை எல்லாம் அரை அங்குல உயரத்துக்குச் சிரைத்துவிட வேண்டும். மூடியிருந்த சருகு போனதும் வெயில் நேராக மண்ணில் விழும், மண் சூடாகும், பக்கத்து வீட்டை முந்திக்கொண்டு புல் துளிர்க்கும். முடி இறக்கினால் அடர்த்தியாக வளரும் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, தலைக்குப் பலிக்காவிட்டாலும் இங்கே பலிக்கிறது.

சரி, இந்தப் பெர்முடா எது தெரியுமா? குனிந்து ஒரு கொடியைப் பிடுங்கிப் பார்த்தேன். மெல்லிய இலை, கணுக்கணுவாக வேர். எங்கேயோ பார்த்த முகம். அட, நம்ம அறுகம்புல்! பிள்ளையார் தலையில் வைக்கிற அதே அறுகு! தாவரவியலில் இரண்டும் ஒரே பெயர்தான், சைனோடான் டாக்டிலான். லான்களில் இருப்பதில் பலவும் அதன் கலப்பினங்கள். ஜார்ஜியாவின் டிஃப்டனில் உருவாக்கி 1960-இல் வெளியிட்ட டிஃப்வே 419 அவற்றில் பேர்பெற்றது. ஆக, என் மருமகன் டெக்ஸஸில் பிள்ளையாருக்குரிய புல்லை வெட்டிப் பிழைக்கிறான்!

தாத்தாவுக்கு 90 டாலர் மொட்டை. சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மோவர் உறுமியது. புழுதி! சருகு! தும்மல்! காய்ந்த புல் மூட்டை மூட்டையாக வந்தது. பழுப்புக் காகிதப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வரிசையாக நிறுத்தினான்: பதினான்கு பைகள், கல்யாண வீட்டு அரிசி மூட்டை மாதிரி. அது குப்பையா, விளம்பரமா? நாயோடு நடந்தவர்கள் எல்லாம் நின்று எண்ணிவிட்டுப் போனார்கள்!

1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் இயந்திரத்தைச் செய்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் மெஷினைப் பார்த்து வந்த யோசனை. அக்கம்பக்கத்தார் கிறுக்கன் என்பார்களே என்று ராத்திரியில் ஓட்டிப் பார்த்தாராம். பாவம், மார்க்கெட்டிங் தெரியாத மனுஷர்! எங்கள் பையன் சனிக்கிழமை காலையில், தெருவே விழித்து காபி குடிக்கிற நேரமாகப் பார்த்து ஓட்டினான்.

அதோடு இன்னொரு ரகசியம், காதைக் கொடுங்கள். "புல்லை யாரும் பார்க்க மாட்டாங்க மாமா. கோட்டைத்தான் பார்ப்பாங்க." நடைபாதையை ஒட்டிப் புல் முடிகிற விளிம்பு இருக்கிறதே, அதை ட்ரிம்மரால் நூல் பிடித்த மாதிரி சீவிவிட்டான். சலூனில் முடி வெட்டி முடித்ததும் கிருதாவுக்குக் கத்தி வைப்பார்களே, அந்த வேலை. இந்த ட்ரிம்மரும் டெக்ஸஸ்காரர் ஒருவரின் கைவண்ணம்தான். ஹூஸ்டனில் ஜார்ஜ் பல்லாஸ் என்பவர் 1971-இல் கார் கழுவுமிடத்தில் உட்கார்ந்து சுழலும் பிரஷ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்; வீட்டுக்குப் போய் ஒரு பாப்கார்ன் டப்பாவில் மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுற்றவிட்டார். பிறந்தது ட்ரிம்மர்!

நான் செய்த குளறுபடி

தாத்தா வீட்டில் வேலை நடக்கும்போதே அக்கம்பக்கம் நாலைந்து கதவுகளுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வந்தான் முதலாளி. இரண்டு வீட்டில் 'சரி' வந்தது. அவன் மூன்றாவது கதவில் நிற்கும்போது, நாலாவது வீட்டு அம்மாள் நேராக என்னிடம் வந்து, எங்கள் புல்லுக்கும் இதே போல் செய்ய முடியுமா என்றார். வேடிக்கை பார்க்கிற விசாக்காரன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டாமோ? தாராளமாக என்று தலையாட்டிவிட்டேன்!

பையன் ஓடிவந்து அந்த லானில் மண்டியிட்டு ஒரு இலையைத் தடவினான். முகம் வெளுத்தது. அகலமான இலை, ஓக் மரத்து நிழல், தரைக்கு மேலேயே ஓடும் தடித்த கொடி. செயின்ட் அகஸ்டின் புல்! அறுகுக்கு மண்ணுக்கு அடியிலும் தண்டு உண்டு, மேலே சிரைத்தாலும் கீழிருந்து எழுந்து வரும். செயின்ட் அகஸ்டினுக்கு எல்லாமே மேலே. மொட்டை போட்டால் உயிரே போய்விடும்.

"மேம், உங்க புல்லுக்கு இது ஆகாது. நான் செஞ்சா கெட்டுப்போயிடும்" என்றான். 90 டாலரை வேண்டாம் என்கிறானே என்று எனக்கு வயிற்றெரிச்சல். களைக்கு மருந்தாவது அடித்துத் தருகிறாயா என்று கேட்டார். அதற்கும் இல்லை: கூலிக்கு மருந்தடிக்க டெக்ஸஸ் வேளாண் துறையின் லைசென்ஸ் வேண்டும், என்னிடம் இல்லை என்றான். இரண்டு 'இல்லை' கேட்ட அந்த அம்மாள், ஏப்ரலிலிருந்து வாராவாரம் வெட்ட அவனையே வரச் சொல்லிவிட்டார், 40 டாலருக்கு! ரூபாயில் மூவாயிரத்துக்கும் மேல் என்று நான் மனதுக்குள் பெருக்கியதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இஸ்திரி வண்டி சூத்திரம்

அன்று இரவு கராஜில் போர்டு மீட்டிங். பீட்சாவும் மாவடுவும். பையன் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு வீட்டுப் புல் வெட்ட 35 நிமிடம். மெஷினை ஏற்றி இறக்கி ஓட்டிப் போக இன்னொரு 35 நிமிடம். ஐந்து வீடு ஐந்து மூலையில் இருந்தால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதே ஐந்தும் ஒரே தெருவில் இருந்தால் மூன்றரை மணி நேரம். அதே காசு!

எனக்கு மதுரையில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் ஞாபகம் வந்தார். ஊரெல்லாம் அவர் அலைந்ததே இல்லை. வேப்பமரத்தடியில் வண்டி; முன்னால் பத்து வீடு, பின்னால் பத்து வீடு. நாலு வீட்டுச் சட்டை மடிப்புக் கலையாமல் போவதைப் பார்த்து ஐந்தாவது வீடு துணியை எடுத்துக்கொண்டு தானே வந்தது. இதைச் சொன்னதும் பையன் எழுந்துபோய்ப் பெரிய வரைபடத்தைச் சுவரிலிருந்து கிழித்தான். எங்கள் தெருவும் அடுத்த தெருவும் மட்டும் இருக்கிற துண்டைத் திரும்ப ஒட்டினான். பக்கத்து வீட்டைச் சேர்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் வாரம் ஐந்து டாலர் தள்ளுபடி என்று அதன் கீழே எழுதினான். மறுநாள் பதினெட்டு மைல்காரர் போன் செய்தபோது மரியாதையாக மறுத்தும்விட்டான். அத்தான் முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம். காலையில் பல்தேய்த்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தேன். தெருவெல்லாம் வைக்கோல் நிறம். தாத்தா வாசலும் இன்னும் இரண்டு வாசலும் மட்டும் பச்சைப் பசேல்! யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் மூன்று பேர் அவர்களாகவே கராஜ் கதவைத் தட்டினார்கள். என் டிக்கெட் தேதி நெருங்கும்போது ஒன்பது வீடு சேர்ந்திருந்தது. ஒன்பதும் எங்கள் வாசலிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில்.

கடைசிக் காட்சி

நான் கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு சங்கடஹர சதுர்த்தி. பையன் அழுக்கு சட்டையோடு புல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், அதுல ஒரு கைப்பிடி எடுத்து அலம்பிக் குடு, பிள்ளையாருக்கு" என்றாள் அக்கா.

"அம்மா, இது வேணாம்! இந்த வீட்டுல மருந்துக்காரங்க வந்து ஸ்ப்ரே பண்றாங்க. தாத்தா வீட்டுல சுத்தமானது இருக்கு."

எதிர்வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டான். தன் வாசல் புல்லுக்கு இப்படி ஒரு யோகமா என்று தாத்தா நாயையும் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். அங்கே வீட்டு முன்பக்கங்களுக்கு நடுவே வேலி கிடையாது. பையன் மண்டியிட்டு ஒரு கொடியைப் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் வந்தது; கணுவுக்குக் கணு வேர் பறிந்துகொண்டே ஒரு முழம், ஒன்றரை முழம்...

"மாமா! இது தாத்தா வீட்டுது இல்ல, அடுத்த வீட்டுலேர்ந்து ஓடி வந்திருக்கு!"

"அந்த வீடு நம்ம லிஸ்ட்ல இருக்கா?"

"இல்லையே."

"அப்ப எந்திரி. போய் மணி அடிச்சு மன்னிப்புக் கேளு!"